போர்க்காலச் சைகோனில் தெருச்சாப்பாடு: ஒரு பழைய சிக்னல்காரனின் ஞாபகங்கள்

பழையசிக்னல் | ஞாயிறு, காலை 6:50

பக்கத்து இழையில் வியட்நாம் போரைப் பற்றி விவாதம் ஓடுகிறது. நடுவில் ஒருவர், “இந்திய ராணுவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருந்தார். சம்பந்தம் உண்டு. 1954 ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு போர்நிறுத்தத்தை மேற்பார்வை செய்ய ஓர் ஆணையம் அமைத்தார்கள். இந்தியா தலைமை, கூடவே கனடா, போலந்து. அந்த ஆணையத்துக்கு வயர்லெஸ் வேலை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். 1966 மழைக்காலத்தில் சைகோனில் போய் இறங்கினேன். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கப் போன எங்களுக்கு, கண்காணிக்கப் போர்நிறுத்தம் என்று ஒன்று அங்கே மிச்சமில்லை. ராத்திரி முழுக்கத் தூரத்தில் பீரங்கி முழங்கும். நாங்கள் பாட்டுக்கு மோர்ஸில் அறிக்கையைத் தட்டிக்கொண்டிருப்போம்.

அரசியலை அந்த இழையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஊர் என்றால் இப்போது முதலில் ஞாபகம் வருவது சாப்பாடுதான்.

எங்கள் மெஸ்ஸில் பருப்பு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு தவறாமல் கிடைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரவு டியூட்டி முடிந்து வெளியே வந்தால் தெருவில் ஒரு சத்தம் கேட்கும். டொக், டொக்-டொக், டொக். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு மூங்கில் துண்டுகளைத் தட்டிக்கொண்டே போவான். வண்டி தெருமுனையில் நிற்கும், பையன் மட்டும் சந்து சந்தாகச் சுற்றுவான். கூப்பிட்டால் நிற்பான். எத்தனை கிண்ணம் என்று விரலைக் காட்டினால் போதும், ஓடிவிடுவான். கொஞ்ச நேரத்தில் தகரத் தட்டில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு, சொட்டுகூடச் சிந்தாமல் திரும்பி வருவான். காசை அப்போது வாங்க மாட்டான். காலிக் கிண்ணத்தை எடுக்க வரும்போதுதான் காசு. எந்த வாசலில் எத்தனை கிண்ணம் என்ற கணக்கு முழுக்க அவன் தலைக்குள்ளேயே இருக்கும். அந்தத் தெருவில் இரண்டு மூன்று வண்டிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். எங்கள் சென்ட்ரிக்குச் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று தெரியும்.

கிண்ணத்தில் இருப்பது ஹூ தியு. அரிசி நூடுல்ஸ். பன்றி எலும்பும் காய்ந்த கணவாயும் போட்டுக் கொதிக்க வைத்த சாறு. மேலே முளைப்பயறு, மெல்லிசாகச் சீவிய இரண்டு மூன்று கறித்துண்டு, பன்றிக் கொழுப்பில் பொரித்த பூண்டு ஒரு கரண்டி. அந்தப் பூண்டுதான் விஷயமே. நான் வேலூர்ப் பக்கத்து ஆள், எங்கள் வீட்டில் பன்றிக்கறி அடுப்பேறியதே கிடையாது. முதல் நாள் கறியை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தேன். “சாறு எதிலிருந்து வந்தது என்று நினைத்தாய்?” என்று கூட இருந்த கனடாக்காரன் சிரித்தான். அதற்கப்புறம் கறியையும் ஒதுக்கவில்லை.

நள்ளிரவில் ஊரடங்கு தொடங்கும். அதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். கடைசிக் கிண்ணத்தை நாங்கள் நின்றபடியே வேகவேகமாகக் குடிப்போம், பையன் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துவான்.

சோறுகண்டஇடம் | ஞாயிறு, காலை 7:32

ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கொம் தாம் என்று சைகோனில் ஒரு சோறு உண்டாமே, அது நம்ம நொய்யரிசிதான் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அப்புறம் காபி. காபி பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்.

பழையசிக்னல் | ஞாயிறு, காலை 9:15

நொய்யேதான் தம்பி. மில்லில் உடைந்து விழுவதைச் சலித்துத் தனியாக எடுத்தது. விலைபோகாத சரக்கு, அதனால் ஏழைகள் சாப்பாடு. சைக்லோ என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள் காலையில் அதைத்தான் சாப்பிடுவார்கள். ஆவியில் வேகவைத்த நொய், அதன் மேலே வெங்காயத்தாளைச் சூடான கொழுப்பில் போட்டு எடுத்த எண்ணெய், கரியடுப்பில் வாட்டிய விலாக்கறி, ஓரத்தில் ஊறுகாய், ஒரு சின்னக் கிண்ணத்தில் இனிப்புச் சேர்த்த மீன் சாஸ். விலாக்கறியை வாட்டும்போது கொழுப்பு கரியில் சொட்டிப் புகை கிளம்பும். விற்பவர் விசிறியால் அதைத் தெருப்பக்கமாகத் தள்ளிவிடுவார். வேண்டுமென்றேதான். அந்தப் புகையைத் தாண்டி யார் போக முடியும்?

எங்களுக்கு அதைப் போட்டவரை எல்லாரும் சி ஹாய் என்பார்கள், பெரியக்கா என்கிற மாதிரி. தோளில் காவடி, ஒரு பக்கத் தட்டில் அடுப்பு, மறுபக்கத் தட்டில் சோற்றுப்பானை, தட்டுகள், கழுவத் தண்ணீர், நாங்கள் உட்கார முழங்கால் உயரம்கூட இல்லாத நாலு முக்காலி. ஒரு ஓட்டல் மொத்தமும் அவர் தோளில். எப்படித் தூக்கினார் என்று ஒருநாள் நான் முயன்று பார்த்தேன். தூக்கிவிட்டேன், நடக்க முடியவில்லை. தெருவே சிரித்தது.

அரிசியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு அது. 1965 வாக்கில் வெளியிலிருந்து அரிசி வாங்க ஆரம்பித்துவிட்டது. வயல் இருந்த இடத்தில் சண்டை, உழுதவன் நகரத்துக்கு ஓடி வந்துவிட்டான், வேறென்ன செய்வார்கள். அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சி ஹாய் அதை வாங்கவே மாட்டார். யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கைச் சுளித்துக் கையை உதறுவார். மீகாங் படுகை நொய் கிடைக்காத நாளில் கடையே போட மாட்டார்.

காபி. சோலோன் என்பது சைகோனில் சீனர்கள் வாழும் பகுதி. அங்கே அவர்கள் கடையில் துணி வடிகட்டியில் தூளைப் போட்டு, மண்பானையில் முக்கி, அடுப்பின் மேலேயே சூட்டில் வைத்திருப்பார்கள். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. அடியில் கெட்டிப்பால் ஊற்றிக் கொடுப்பார்கள். வயசாளிகள் அதைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிப்பார்கள். டபராவை விட்டுவிட்டு வந்த எனக்கு அதைப் பார்த்ததும் அந்தக் கடை பிடித்துப்போயிற்று.

எதிர்க்கேள்வி | ஞாயிறு, காலை 10:04

ஐயாவின் எழுத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வகை ஏக்கத்தில் எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒரு நாடு எரிந்துகொண்டிருக்கும்போது வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே சாப்பாடு மலிவாகவும் ருசியாகவும் கிடைத்தது. அந்த மலிவு யாருக்கு மலிவு? டாலர் வந்து கொட்டியதில் சைகோனில் விலைவாசி எகிறியது. 1966 ஜூனில் தென் வியட்நாம் நாணயமான பியாஸ்டரின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 118 என்று வைத்தார்கள். மாதச் சம்பளக்காரன் நிலைமை என்ன ஆகியிருக்கும்? 1965 ஜூன் 25 அன்று ஆற்றங்கரையில் மீ கான் மிதக்கும் உணவகத்தில் குண்டு வைத்தார்கள். செத்தவர்களில் உள்ளூர்க்காரர்களும் நிறையப் பேர். “அந்தக் காலத்துச் சைகோன் என்ன ருசி” என்று எழுதும்போது இதெல்லாம் எங்கே போகிறது?

சோறுகண்டஇடம் | ஞாயிறு, காலை 10:11

ஒரு இழையிலாவது சாப்பிட விடுங்கப்பா.

பழையசிக்னல் | ஞாயிறு, பகல் 12:40

இல்லை, கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான்.

மீ கானை நான் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். குண்டு வெடித்ததற்குப் பிறகும் அது நடந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு, போகக் காசும் கிடையாது. விலை ஏறியதும் உண்மை. அதே ஹூ தியு நான் இருந்த காலத்திலேயே கண்ணெதிரில் விலை ஏறிக்கொண்டே போனது. கறித்துண்டும் மெலிந்துகொண்டே போனது.

ஆனால் தம்பி, எனக்குச் சாப்பாடு போட்டது யார் என்று பாருங்கள். எங்கள் வளாகத்துக்கு எதிர் நடைபாதையை மட்டும் சொல்கிறேன். ஃபோ, அதாவது சாற்றில் போட்ட அரிசி நூடுல்ஸும் கறியும், விற்றவர் வடக்கே நாம் தின் பக்கத்து ஆள். 1954இல் நாடு இரண்டானபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்களே, அதில் ஒருவர். அவருக்கு அடுத்து நடு வியட்நாமின் ஹுவே ஊர்க்காரப் பெண், எலுமிச்சைப்புல் போட்ட காரமான மாட்டு சாறு, பூன் போ. ஹூ தியு வண்டி சோலோன் சீனக் குடும்பத்துடையது, அவர்கள் தாத்தா ஃப்னாம் பென் வழியாக வந்தவராம். ரொட்டி விற்ற பெண்ணின் ரொட்டி பிரெஞ்சுக்காரன் கற்றுக்கொடுத்தது, மாவு அமெரிக்க உதவி மூட்டை. சி ஹாய் ஒருவர்தான் சைகோன்காரர் என்று நினைத்திருந்தேன். அவரும் பென் த்ரே பக்கம் கிராமத்தில் வீடு எரிந்துபோய்ச் சைகோனுக்கு வந்தவர். அந்த நடைபாதையில் பிறந்த ஊரில் இருந்தவர் என்று ஒருவர்கூட இல்லை, நாங்கள் உட்பட. ஓடி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தது சமையல் ஒன்றுதான், அதைத்தான் விற்றார்கள். சைகோன் தெருவில் ஐம்பது வகை கிடைத்ததென்றால் ஐம்பது ஊர் காலியாயிற்று என்று அர்த்தம். சாப்பிடும்போதே அது எங்களுக்குத் தெரியும்.

தெரிந்துதான் சாப்பிட்டோம். சி ஹாயின் சமையல் எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

சைகோன்வாசி | ஞாயிறு, பகல் 1:25

நான் இப்போது வேலை நிமித்தம் ஹோ சி மின் நகரத்தில், அதாவது பழைய சைகோனில், இருக்கிறேன். இந்த ஊரில் தெருச்சாப்பாட்டையும் போரையும் பிரிக்கவே முடியாது என்பதற்கு லீ சின் தாங் தெருவில் 7ஆம் எண் கடை ஒன்று போதும். ஃபோ பின். அப்போது அந்தத் தெருவுக்கு யென் தோ என்று பெயர். கீழ்த்தளத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஃபோ சாப்பிடுவார்கள். மாடியில் அவர்களை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங்கின் ரகசியப் பிரிவு கூடும். 1968இல் டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டின்போது நடந்த தாக்குதலில் சைகோனைத் தாக்கும் கட்டளை அந்த மாடியிலிருந்துதான் போனது. கடை முதலாளி ஙோ தோவாய் அந்தப் பிரிவின் ஆள். தாக்குதல் தொடங்கியதும் போலீஸ் கடைக்குள் புகுந்து அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது.

கடை இன்னமும் நடக்கிறது. மாடியை ஒரு சின்ன அருங்காட்சியகம் போல வைத்திருக்கிறார்கள், கீழே ஃபோ கிடைக்கும். ஊரிலேயே சிறந்த ஃபோ என்று சொல்ல மாட்டேன். சுமார்தான்.

உப்பளம் | ஞாயிறு, பகல் 2:50

புதுச்சேரியிலிருந்து ஒரு குரல். எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போனவர், அதாவது ஐயா போனதற்கு முந்தைய போர், 1954இல் முடிந்தது. திரும்பும்போது ஆத்தாவைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆத்தா சைகோன்காரி. எங்கள் தெருவில் அப்படி இன்னும் சில வீடுகள் இருந்தன. தமிழ் நன்றாகவே பேசுவார், கோபம் வந்தால் மட்டும் பாஷை மாறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நெம். சைகோனில் சா யோ என்பார்களாம், எங்களுக்கு நெம்தான். கண்ணாடிச் சேமியாவை ஊறவைத்து நறுக்கி, கறுப்புக் காளான், கேரட், வெங்காயம், கொத்துக்கறி, முட்டை எல்லாம் பிசைந்து, அரிசித்தாளில் சுருட்டிப் பொரிப்பது. அரிசித்தாள் சுலபத்தில் கிடைக்காத காலம் அது. பாரிஸிலிருந்து யாராவது வந்தால் பெட்டியில் செண்டுக்குப் பதில் அரிசித்தாள்தான் கேட்போம். சுருட்டும்போது ஆத்தா பக்கத்தில் யாரையும் பேச விட மாட்டார். தாளை ஈரத்துணியில் ஒற்றி, அது தளரும் அந்த நொடியில் மடிக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் ஒட்டிக்கொள்ளும், முந்தினால் உடையும். பொரித்ததைச் சாலட் இலையில் புதினாவோடு சுற்றி நுக் மாமில், அதாவது மீன் சாஸில், தோய்த்துத் தின்னணும். ரசம் சோறுக்குத் தொட்டுக்கொள்ள மிச்ச நெம் எடுத்தால் திட்டு விழும். நாங்கள் எடுப்போம்.

காரைக்கால்காரன் | ஞாயிறு, மாலை 4:18

எங்கள் ஊர் மரைக்காயர் குடும்பங்களில் சைகோன் துணிக்கடை இல்லாத குடும்பம் குறைவு என்பார்கள். ஐயாவுக்கு ஒரு கேள்வி: பன்றி தொடாதவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? எங்கள் வீட்டுப் பெரியவர்கள் டோங் யூ தெருப் பள்ளிவாசல் பக்கம் சாப்பிட்ட ஆட்டுக்கறியைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். அந்தப் பள்ளி 1935இல் நம் ஆட்கள் கட்டியது.

பழையசிக்னல் | ஞாயிறு, மாலை 5:30

பாய், எங்கள் ஆட்களில் முஸ்லிம்கள் அந்தப் பள்ளிக்குத்தான் போவார்கள், திரும்பும்போது கையில் பொட்டலம் இருக்கும். நாங்கள் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவோம், பென் தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில். கோயிலில் நம்மவர்களைவிடச் சீனர்களும் வியட்நாமியப் பெண்களும் அதிகமாக இருப்பார்கள், கையில் கட்டுக் கட்டாக ஊதுவத்தி. மார்க்கெட்டில் மஞ்சள் நிறக் குழம்புத்தூள் விற்பார்கள். அவர்கள் அதைக் கொண்டு வைக்கும் கோழிக்குழம்பை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. தேங்காய்ப்பால் இருக்கிறது, சரி. எலுமிச்சைப்புல் போட்டிருக்கிறார்கள், போகட்டும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு எதற்கு? தொட்டுக்கொள்ள நீள ரொட்டி. இரண்டாவது தட்டு கேட்டேன் என்பது வேறு விஷயம்.

சைகோன்வாசி | ஞாயிறு, மாலை 5:52

அந்தக் குழம்பு இன்றைக்கும் வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள், பெயர் கா ரீ. 1975க்குப் பிறகு நம்மவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மாரியம்மன் மட்டும் அதே தெருவில் இருக்கிறாள். போன வாரம்கூட உள்ளே போக வரிசையில் நின்றேன்.

டெக்சாஸ்தமிழ் | ஞாயிறு, இரவு 8:05

ஹூஸ்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் போரில் இருந்தவர். தெருவில் எதையும் தின்னக் கூடாது, ஐஸைத் தொடவே கூடாது என்று அவர்களுக்குப் பாடமே எடுத்தார்களாம். டப்பா உணவு சலித்துப்போய், ஒருநாள் ரொட்டிக்காரப் பெண்ணிடம் பான் மீ, அதாவது உள்ளே கறி வைத்த நீள ரொட்டி, வாங்கித் தின்றிருக்கிறார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் மறுபடியும் அதே பெண்ணிடம் போனாராம். இப்போது எழுபத்தேழு வயது, வாரம் ஒருமுறை பெல்லேர் சாலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போகிறார். 1975க்குப் பிறகு வந்தவர்கள் அங்கே ஒரு ஊரையே உருவாக்கிவிட்டார்கள். கடைக்காரர்கள் சிலரிடம் தன் ராணுவத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போக அவருக்குக் கூச்சமாம். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எதிர்க்கேள்வி | ஞாயிறு, இரவு 9:20

ஐயா அனுமதி பற்றிக் கேட்டீர்கள். அனுமதி தருபவன் நான் இல்லை. என் உறுத்தல் என்னோடு இருக்கட்டும்.

இழைக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். எதிர்ப்பக்கத்தில் காட்டுக்குள் இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதவில்லை. அவர்களுக்குப் பெரிய பிரச்சினை புகை. அடுப்பு மூட்டினால் விமானத்திலிருந்து தெரிந்துவிடும். ஹோவாங் காம் என்ற ராணுவச் சமையல்காரர் 1951இல், பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடக்கும்போதே, ஓர் அடுப்பு கண்டுபிடித்தார். பூமியில் குழி வெட்டி, அடுப்பிலிருந்து நீளமாக வாய்க்கால்கள் தோண்டி, மேலே கிளைகளும் மண்ணும் போட்டு மூடி ஈரமாக வைப்பார்கள். புகை அந்த வாய்க்கால்களில் ஊர்ந்து ஆறி, தரையோடு மெல்லிய மூட்டமாகக் கசிந்துவிடும். அமெரிக்கப் போர்க்காலத்திலும், சைகோனுக்கு அருகே கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூ சி சுரங்கங்களிலும் அதே அடுப்புதான். இன்றைக்கு அங்கே சுற்றுலா போனால் அவித்த மரவள்ளிக்கிழங்கு தருவார்கள், தொட்டுக்கொள்ள எள்ளும் உப்பும் சேர்த்துப் பொடித்தது. அடுப்புக்கு இன்றும் அவர் பெயர்தான்.

பழையசிக்னல் | திங்கள், காலை 6:30

நல்ல சமாசாரம். வடக்கும் எனக்குக் கொஞ்சம் தெரியும். 1967இல் சில காலம் ஹனோய்க்கு அனுப்பினார்கள். ஆணையத்தின் விமானம் சைகோன், ஃப்னாம் பென், வியன்தியான் வழியாக ஹனோய் போகும். 1965 அக்டோபரில் அதே தடத்தில் போன ஒரு விமானம் காணாமலே போயிருந்தது. அதனால் ஏறும்போது யாரும் அதிகம் பேச மாட்டோம்.

சைகோனிலிருந்து போனவனுக்கு ஹனோய் வேறு கிரகம். நடைபாதை முழுக்க ஆள் ஒருவர் இறங்கும் அளவு சிமெண்ட் குழாய்களைப் புதைத்திருப்பார்கள், மூடியோடு. குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அதில் இறங்கி மூடியை இழுத்துக்கொள்ள வேண்டும். அரிசி, கறி எல்லாம் கூப்பனுக்கு. ஃபோ அரசாங்கக் கடையில்தான். சாறு வரும், நூடுல்ஸ் வரும், கறி வராது. அதற்கு ஹனோய்க்காரர்கள் வைத்த பெயர் “விமானி இல்லாத ஃபோ”. அப்போது அமெரிக்கா ஆளில்லா வேவு விமானங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே அது பறக்கிறது, கீழே கிண்ணத்தில் கறி இல்லை, இரண்டுக்கும் ஒரே பெயர். மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சாறு எப்படி இருந்தது என்றால், வெந்நீருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் கருக்கிப் போட்டிருந்தார்கள். எலும்பு இல்லாவிட்டாலும் அந்த முறையை விடவில்லை.

சோறுகண்டஇடம் | திங்கள், காலை 8:12

வடக்கத்தி ஃபோதான் அசல், தெற்கில் முளைப்பயறும் இலையும் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு யூடியூபர் சொல்கிறாரே?

சைகோன்வாசி | திங்கள், காலை 8:40

ஹனோய்க்காரர் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். 1954க்குப் பிறகுதான் ஃபோ இங்கே பெரிய அளவில் பரவியது. தெற்கத்திக்காரர்களுக்கு எந்தச் சாப்பாட்டிலும் பச்சை இலை வேண்டும், இனிப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும், அதனால் துளசி, முளைப்பயறு, கறுப்பு சாஸ் எல்லாம் சேர்ந்தன. நான் இரண்டையும் சாப்பிடுவேன். யூடியூபருக்குப் பசி இல்லை போல.

பழையசிக்னல் | திங்கள், பகல் 11:45

எங்கள் நடைபாதையில் நாம் தின்காரர் இதே சண்டையைத் தினமும் போடுவார். முதலில் முளைப்பயறு தட்டை வைக்கவே மாட்டார். வாடிக்கை குறைந்ததும் வைத்தார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

டெட் பற்றிக் கேட்டு ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

1968 ஜனவரி கடைசி. பண்டிகைக்குச் சண்டை நிறுத்தம் என்று அறிவிப்பு. சி ஹாய் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் முன் எங்களுக்குப் பான் டெட் இரண்டு கொடுத்தார். பசையரிசிக்குள் பயத்தம்பருப்பும் கொழுப்புக் கறியும் வைத்து, வாழை இலையில் உருளையாகச் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்டி, மணிக்கணக்கில் வேகவைப்பது. காசு வாங்க மறுத்துவிட்டார். 31ஆம் தேதி விடியுமுன் சத்தம் கேட்டபோது பட்டாசு என்றுதான் திரும்பிப் படுத்தேன். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அப்புறம் வயர்லெஸ் அறைக்கு ஓடினோம்.

பகலிலும் ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. மூங்கில் சத்தம் இல்லை. மெஸ்ஸில் பருப்பு இருந்தது, காய் தீர்ந்துவிட்டது, ரொட்டி வரவில்லை. அந்த நாட்களில் பான் டெட்டைத்தான் பங்கு போட்டோம். அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, பசையரிசி கத்தியை விடாது. கட்டியிருக்கும் நாரை உரித்து, உருளையைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் இழுத்தால் வட்டமாகத் துண்டு விழும். நடுவில் மஞ்சள் பருப்பு, அதன் நடுவில் கறி. ரெண்டு மூன்று நாளில் இறுகிப்போனதும் எண்ணெயில் போட்டு இரண்டு பக்கமும் முறுகலாக வறுத்தோம். புதிதாகச் சாப்பிட்டதைவிட அது ருசி.

சோலோன் பக்கம் சண்டை வாரக்கணக்கில் நீண்டது. சி ஹாய் குடியிருந்தது அங்கேதான். பிப்ரவரி கடைசியில் வந்தார். வீடு போய்விட்டது, காவடியும் பானையும் அதோடு போய்விட்டன. இரவல் வாங்கிய அடுப்பு ஒன்று, தட்டுக்குப் பதில் வாழை இலை. விலையை ஏறக்குறைய இரட்டிப்பாகச் சொன்னார். போலந்துக்காரன் ஒருவன் பேரம் பேசப் பார்த்தான். எங்கள் சுபேதார் அவனுடைய காசையும் சேர்த்துக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சி ஹாயின் மகன் அரசாங்கப் படையில் இருந்தான், தம்பி எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. மேற்பார்வை ஆணையம் என்று பெயர், ஆனால் மேற்பார்க்கக் கூடாதவை சில உண்டு.

அந்த வருடமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

மாமிமெஸ் | திங்கள், மாலை 3:20

படித்து முடித்ததும் பசி வந்துவிட்டது, ஆனால் நான் சைவம். சைவக்காரர்கள் அந்த ஊரில் பட்டினியா?

பழையசிக்னல் | திங்கள், மாலை 4:02

இல்லை அம்மா. எங்களோடு பாலக்காட்டுக்காரர் ஒருவர் இருந்தார், முட்டைகூடத் தொடாதவர். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியிலும் அங்கே பௌத்தர்கள் கறி சாப்பிட மாட்டார்கள், சைவக்கடை நிறைய முளைக்கும். டோஃபு, காளான், பலாப்பிஞ்சு வைத்துப் பிரமாதமாகச் செய்வார்கள். மற்ற நாட்களில் அவர் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டு, எங்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

சோறுகண்டஇடம் | திங்கள், இரவு 7:45

நொய் வாங்கிவிட்டேன். நாளைக்குக் கொம் தாம் முயற்சி. தோய்த்துக்கொள்ளும் சாஸுக்கு அளவு யாராவது சொல்லுங்கள்.

உப்பளம் | திங்கள், இரவு 8:10

ஆத்தா கணக்கு: மீன் சாஸ் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் நாலு பங்கு. முதலில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைக்கணும். பூண்டும் மிளகாயும் கடைசியில், அப்போதுதான் மேலே மிதக்கும். இது நெம்முக்கு. கொம் தாமுக்குத் தண்ணீரைக் குறைத்துச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். சைவத்துக்கு மீன் சாஸுக்குப் பதில் உப்பும் கொஞ்சம் சோயா சாஸும், தண்ணீருக்குப் பதில் இளநீர்.

சோறுகண்டஇடம் | திங்கள், இரவு 8:14

எலுமிச்சை இல்லை. வினிகர் ஊற்றலாமா?

பழையசிக்னல் | திங்கள், இரவு 8:31

ஊற்றலாம், அங்கேயும் சிலர் ஊற்றுவார்கள். சி ஹாய் பார்த்தால் தட்டைப் பிடுங்கிக்கொள்வார். தெருமுனைக் கடை இன்னும் மூடியிருக்காது தம்பி, ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வாருங்கள். கறியை வாட்டும்போது விசிறி பிடிக்க மறக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பக்கமாக.